உண்டியலோடு போருக்குப் போகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வடபழனியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கைந்து மடிக்கணினிகள் திறந்து கிடக்கும். அக்கா மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்களும் 'டான் ஆஃப் வார் 4' என்ற கணினிப் போர் விளையாட்டு வருவதற்குள் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று, அந்த வரிசையின் முதல் பாகத்தை விழுந்து விழுந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான்காம் பாகம் 2025 ஆகஸ்டில் ஜெர்மனியில் நடந்த கேம்ஸ்காம் என்ற வீடியோ கேம் கண்காட்சியின் தொடக்க நிகழ்ச்சியில் அறிவிக்கப்பட்டது. வெளியாகும் ஆண்டு 2026 என்றும் சொல்லப்பட்டது. அதே ஆகஸ்டில், 2004-இல் ரெலிக் நிறுவனம் உருவாக்கிய முதல் பாகமும் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற புதுப்பிக்கப்பட்ட பதிப்பாக வந்ததால், இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்களமும் கிடைத்துவிட்டது.

காபி கொண்டுவந்து வைக்கும் சாக்கில் அவர்கள் திரையைப் பார்க்கும்போதெல்லாம், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் மேற்கு மாம்பலத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் நான் செய்த அதே தவறுகள் அதே வரிசையில் நடப்பதைக் காண்கிறேன். கட்டடம் கட்ட ஆளை அனுப்ப மறப்பது, எதிரியைத் தேடாமலே இருப்பது போன்றவை இரண்டு மூன்று ஆட்டங்களில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தவறான பாகத்தில் பயிற்சி

நண்பர்களில் ஒருவன் தள்ளுபடியில் கிடைத்தது என்று இரண்டாம் பாகத்தை வாங்கி வந்திருந்தான். 2009-இல் வந்த அந்த விளையாட்டு நல்ல விளையாட்டுதான். ஆனால் அதில் முதல் பாகத்தைப் போலத் தளம் கட்டும் வேலை கிடையாது; சில குழுக்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மறைவிடம் பார்த்து நகர்த்திச் சண்டையிட வேண்டும். 2017-இல் வந்த மூன்றாம் பாகம் பெரிய வீரநாயகர்களைச் சுற்றியே சுழன்றது. பழைய ரசிகர்களுக்கும் பிடிக்காமல், புதியவர்களையும் பிடித்து வைக்க முடியாமல் சீக்கிரமே ஓய்ந்துபோனது. நான்காம் பாகத்தை உருவாக்கும் கிங் ஆர்ட் நிறுவனம், தளம் கட்டிப் பெரும்படை திரட்டும் முதல் பாகத்தின் முறைக்கே திரும்புவதாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பழகுவதென்றால் முதல் பாகத்திலும் அதன் விரிவாக்கங்களிலும் பழகுங்கள். கதை நடக்கவிருக்கும் குரோனஸ் கோள்கூட 2006-இல் வந்த 'டார்க் குருசேட்' விரிவாக்கத்தில் நாங்கள் மிதித்துப் புழுதியாக்கிய இடம்தான்.

செலவழியாத பணம்

இதைத்தான் சற்று நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கித் தரும் பொருள்களில் ஒன்று மண் உண்டியல். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். சீட்டுக் கட்டாத அத்தை ஒருவர்கூட என் உறவில் இல்லை. வாழ்க்கைக்கு இது மிக நல்ல பழக்கம். நிகழ்நேர உத்தி விளையாட்டில் இதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

சதுரங்கத்தைப் போல இங்கே ஒருவர் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை. இருவருக்கும் ஒரே கடிகாரம் ஓடுகிறது, இருவருக்கும் வருமானம் வந்துகொண்டே இருக்கிறது. முதல் பாகத்தில் வருமானம் இரண்டு வகை: வரைபடத்தில் ஆங்காங்கே உள்ள முக்கியப் புள்ளிகளைப் பிடித்தால் ரெக்விசிஷன் வரும், ஜெனரேட்டர்களைக் கட்டினால் பவர் வரும். இந்த இரண்டுக்கும் வட்டி கிடையாது. நூறு ரெக்விசிஷன் பத்து நிமிடம் கழித்தும் நூறாகவே இருக்கும். அதே நூறை முதல் நிமிடத்தில் ஒரு படைக்குழுவில் போட்டிருந்தால் அந்தக் குழு ஒரு புள்ளியைப் பிடித்திருக்கும், அந்தப் புள்ளி மேலும் ரெக்விசிஷன் தந்திருக்கும், அதில் இன்னொரு குழு வந்திருக்கும். இந்த உலகில் வட்டி கிடைப்பது செலவழித்த பணத்துக்கு மட்டுமே.

2007 வாக்கில் அந்த பிரவுசிங் சென்டரில் நான் ஸ்பேஸ் மரைன்கள் என்ற கனத்த கவசம் அணிந்த வீரர்களின் அணியை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். லேண்ட் ரெய்டர் என்ற பெரிய கவச வண்டியின் மீது எனக்கு அப்படியொரு மயக்கம். அதைக் கட்ட வேண்டுமானால் தொழில்நுட்பப் படிகள் எல்லாவற்றையும் ஏறியாக வேண்டும், வரைபடத்தில் ரெலிக் எனப்படும் அரிய புள்ளி ஒன்றையும் பிடித்திருக்க வேண்டும். நானோ ரெலிக்கைப் பிடிக்கப் படை அனுப்பாமல், வண்டிக்கான பணத்தை மட்டும் பக்தியோடு சேர்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஓர்க்குகளை வைத்து ஆடியவர் அடுத்த இருக்கையில் இருந்த அண்ணன். அவருடைய பச்சை முரடர்கள் கோடாரியும் கையுமாக என் தளத்துக்குள் நுழைந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டரைக் குழுக்கள். எல்லாம் எரிந்து முடிந்த பிறகு அவர் தலையை நீட்டி என் திரையைப் பார்த்தார். ரெக்விசிஷன் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது.

"தம்பி, இந்தக் காசையெல்லாம் ஊருக்கு எடுத்துட்டுப் போகப் போறியா?" என்றார்.

மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நான் கற்ற பாடம் அது. சென்ற மாதம் அக்கா மகன் அதையே செய்து காட்டினான். அவனுடைய தளத்தில் ராணுவக் கூடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கைவசம் ரெக்விசிஷன் 900. எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி தேவைப்படுமே மாமா" என்றான். அந்தப் பின்னாடி நாலு நிமிடத்தில் வந்தது. ஆனால் ஒரு கூடத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒரு குழுதான் வெளியேற முடியும் என்பதால், பணம் இருந்தும் அவனால் படை திரட்ட முடியவில்லை. தொள்ளாயிரத்தை ஒரே நொடியில் செலவழிக்கும் வாசல் எந்தத் தளத்திலும் கிடையாது. பணம் மிஞ்சுகிறதென்றால் வாசல் போதவில்லை என்று பொருள்; இன்னொரு கூடம் கட்ட வேண்டும். ரெக்விசிஷன் மட்டும் குவிந்து பவர் வற்றிக் கிடக்கிறதென்றால், ஜெனரேட்டர் கட்டுவதைத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள்.

இந்தத் தவறுக்குச் செலவு என்ற வேடத்தில் வரும் தம்பி ஒன்று உண்டு. பணம் கண்ணை உறுத்துகிறது என்று ஒரே கூடத்தில் ஐந்து பேரை வரிசையாகப் பதிவு செய்து வைத்துவிடுவது. இதற்கு ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற இன்னொரு உத்தி விளையாட்டின் கணக்கு எளிது. அங்கே மரைன் என்ற சாதாரணச் சிப்பாயின் விலை 50 மினரல் (அந்த விளையாட்டின் பணம்), பயிற்சிக்கு 18 விநாடி. ஐந்து பேரைப் பதிந்தால் அந்த நொடியே 250 போய்விடும், ஆனால் வேலை நடப்பது முதலாமவனுக்கு மட்டும்தான். ஐந்தாமவனுக்காகக் கொடுத்த 50 மினரல் 72 விநாடி சும்மா தூங்கும். காத்திருக்கும் நால்வரின் 200 மினரலில், 150 விலையுள்ள இன்னொரு பாரக்ஸையே, அதாவது சிப்பாய்களைப் பயிற்றும் கூடத்தையே, கட்டிவிட்டு மீதிப் பணத்தில் ஒரு மரைனையும் எடுத்திருக்கலாம். எண் குறைந்துவிட்டதே என்று திருப்திப்படாதீர்கள். அதுவும் உண்டியல்தான், வாய் மட்டும் வேறு பக்கம் இருக்கிறது. அந்த விளையாட்டில் ஆட்டம் முடிந்ததும் வரும் மதிப்பெண் பட்டியலில், செலவழிக்காமல் வைத்திருந்த வளத்தின் சராசரி தனி வரியாகவே வரும். பலர் அதைத் தாண்டி, கொன்ற எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

டான் ஆஃப் வாரில் இந்தக் கஞ்சத்தனம் இன்னும் கூடுதலாகக் கடிக்கும். இங்கே ஒரு குழுவுக்குக் களத்தில் நின்றபடியே ஆள் சேர்க்கலாம். நான்கு பேரோடு வெளியே வரும் ஸ்பேஸ் மரைன் குழுவை எட்டுப் பேர்வரை வளர்க்கலாம், சண்டை நடக்கும்போதே விழுந்தவர்களின் இடத்தை நிரப்பலாம், கனரகத் துப்பாக்கிகளையும் அங்கேயே கொடுக்கலாம். ஆக, பணத்துக்கு மிகப் பெரிய மதிப்பு இருப்பதே சண்டை நடக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். சரியாக அந்த அரை நிமிடத்தில்தான் புதியவர்கள் கைகளைத் தூக்கிவிடுகிறார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். இந்த வரிசையின் பெரிய கவர்ச்சியே, எதிரியை வீழ்த்தும்போது வரும் தனித்தனிக் கொலைக் காட்சிகள். டிரெட்நாட் இயந்திரம் ஓர்க்கு ஒருவனைப் பிடித்துத் தூக்கும்போது அக்கா மகன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய் வாயைப் பிளந்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையின் மற்ற பகுதியைப் பார்த்தேன். இடது புறத்தில் அவனுடைய எட்டுப் பேர் குழு ஆறாகி, நான்காகி, இரண்டாகிக்கொண்டிருந்தது. ரெக்விசிஷன் 1,140. ஆள் சேர்க்கும் விசையை நான்கு முறை தட்டியிருந்தால் போதும். டிரெட்நாட் தன் நடனத்தை முடித்தபோது அந்தக் குழு இல்லை. குழுவில் ஒருவன் பிழைத்தால்கூட அவனைச் சுற்றி மீண்டும் ஆள் சேர்க்கலாம். முழுதும் அழிந்துவிட்டால் தளத்திலிருந்து புதிதாக வாங்கி, வரைபடம் முழுக்க நடத்திக் கூட்டிவர வேண்டும். நான்காம் பாகத்தில் இந்தக் கொலைக் காட்சிகள் இன்னும் பல வகைகளாகப் பெருகப் போகின்றனவாம். உருவாக்குபவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காட்சியை ரீப்ளேயில் ஆற அமரப் பாருங்கள். ஆட்டத்தின்போது உங்கள் கண் வள எண்ணில் இருக்கட்டும்.

சேமிக்கவே கூடாதா என்றால், சேமிக்கலாம். தலைமையகத்தை அடுத்த படிக்கு உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்து அரை நிமிடம் கையைக் கட்டிக்கொள்வது திட்டம். என்ன வாங்கப்போகிறீர்கள், அதன் விலை என்ன என்ற இரண்டுக்கும் உடனே பதில் சொல்ல முடிய வேண்டும். அப்படிப் பெயர் சொல்லி வைத்த பொருள் எதுவும் இல்லாத நேரத்தில், இரண்டு குழுக்களின் விலைக்கு மேல் கையில் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள்.

அக்கா மகனுக்குச் சொல்லிப் புரியவில்லை. ஆகவே அவன் தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயை ஓடவிட்டு, பழைய நாள்காட்டித் தாளைத் திரையில் ஒட்டி, வள எண்கள் மட்டும் தெரியும்படி சின்னதாக ஓட்டை போட்டேன். நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைத் தாளிலேயே எழுதச் சொன்னேன். 210, 340, 520, 700 என்று எழுதிக்கொண்டே போனவன், 900 வந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டான்.

கோட்டை கட்டி உட்காருவது

தளத்தைச் சுற்றிப் பீரங்கி மேடைகளாகக் கட்டிக்கொண்டு, எதிரி வந்து மோதி அழியட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வளம் தளத்துக்குள்ளேயே கிடைக்கும் விளையாட்டுகளில் இது கொஞ்ச நேரம் செல்லுபடியாகும். இங்கே வளம் வெளியே கிடக்கிறது. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில் எதிரி வரைபடம் முழுவதையும் பட்டா போட்டுக்கொள்வான். கட்டத்தான் வேண்டுமென்றால், பிடித்த புள்ளிகளின் மீது லிசனிங் போஸ்ட் என்ற காவல் கட்டடத்தைக் கட்டுங்கள். புள்ளிக்கும் காவல், வருமானமும் கூடும்.

மனவுறுதி உடைந்த குழு

தீப்பிழம்பு பட்டு மனவுறுதி உடைந்துவிட்ட குழு நின்று அடித்துப் பயனில்லை. உடனே பின்வாங்குங்கள்.

வாரம் ஓர் அணி

தோற்றதும் அணியை மாற்றுவது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொற்றுநோயாகப் பரவியிருக்கிறது. நான்காம் பாகத்தில் பிளட் ரேவன்ஸ் எனப்படும் ஸ்பேஸ் மரைன்கள், ஓர்க்குகள், நெக்ரான்கள் எனப்படும் உலோக எலும்புக்கூட்டுப் படை, அடெப்டஸ் மெக்கானிகஸ் எனப்படும் இயந்திரத்தை வணங்கும் கூட்டம் என நான்கு அணிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றையும் பழைய விளையாட்டிலேயே பழகலாம். ஆனால் அவை உடையை மட்டும் மாற்றிக்கொண்ட ஒரே படைகள் அல்ல. 'டார்க் குருசேட்'டில் நெக்ரான்களுக்கு ரெக்விசிஷனே தேவையில்லை, எல்லாம் பவரில்தான் ஓடும். அடிப்படை வீரர்கள் இலவசம். ஓர்க்குகளோ கொடிக்கம்பங்களை நட்டுத் தங்கள் கூட்டத்தைப் பெருக்கினால்தான் பெரிய படைகளைக் கூப்பிட முடியும். ஒன்றின் கணக்கு விரலுக்குப் பழகுவதற்குள் அடுத்ததற்குத் தாவினால், எட்டு வாரம் ஆடியும் முதல் வாரத்திலேயே நிற்பீர்கள். நான் மெக்கானிகஸ் அணிக்காகக் காத்திருக்கிறேன். அதுவரை மரைன்களை விடுவதாக இல்லை.

டச்பேட்

மவுஸ் வாங்குங்கள்.