பென்னைக் கழட்டினால் எழும்பாத கணினி: பூட் லோடர் விடயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக ஒரு திருத்துமேசை வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் புதுக்குடியிருப்பிலிருந்து உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர், கணினிப் பெட்டியை உரப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"அண்ணை, பென் குத்தியிருந்தா எழும்புது. கழட்டினா எழும்புதில்லை. ஹாட் டிஸ்க் பழுதெண்டு சொல்லீட்டினம். புதுசு போடோணுமாம்."

ஹாட் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை அவரே நிறுவியிருக்கிறார், ஒழுங்காகத்தான் நிறுவியிருக்கிறார். இயங்குதளத்தை எழுப்பிவிடும் சிறு நிரலான பூட் லோடரை எந்தச் சாதனத்தில் எழுதுவது என்று கேட்கும் சின்னப் பெட்டியை மட்டும் கவனிக்காமல் அடுத்த பக்கம் போய்விட்டார். அந்தக் கணினி பென் டிரைவை எஸ்டிஏ என்றும், உள்ளே இருந்த டிஸ்க்கை எஸ்டிபி என்றும் எண்ணியிருந்தது. பெட்டியில் எஸ்டிஏ என்றே இருக்க விட்டதால், கிரப் என்ற பூட் லோடரின் முதல் துண்டு பென்னில் போய் உட்கார்ந்துவிட்டது. பென்னோடு கணினியை எழுப்பி, டேர்மினலில் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை உள் டிஸ்க்குக்கு ஓட்டி, பிறகு அப்டேட்-கிரப் கொடுத்தேன். அவ்வளவுதான். இதற்காக ஒரு பிள்ளை புது டிஸ்க்குக்குக் காசு தேட வெளிக்கிட்டிருந்தார்.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றது. அதற்குப் பிறகு பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கூடுதலாகக் காண்கிறேன். நல்ல விடயம். ஆனால் அவர்களில் பலர் இடறுவது லினக்ஸில் இல்லை, அதன் வாசற்படியில். குளம் நிறையத் தண்ணீர் நின்றாலும் துருசு திறக்காவிட்டால் வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. பூட் லோடர் அந்தத் துருசு. மின் ஆளியை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள ஃபேம்வெயார் என்ற நிரல் விழித்து பூட் லோடரைக் கூப்பிடும். அது லினக்ஸின் கருவான கேர்னலையும், தொடக்கத்துக்குத் தேவையான கோப்புகள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் வேலை சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் பிழை வந்தால் உள்ளே இருக்கும் படங்களும் பாடக்குறிப்புகளும் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எது நல்லது என்று கேட்பதற்கு முன்

"கிரப் நல்லதா, சிஸ்டம்டி-பூட் நல்லதா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கட மெஷின் பயோஸா, யூஇஎஃப்ஐயா?" என்பதைத்தான். ஃபேம்வெயாரில் பழைய முறை பயோஸ், புதிய முறை யூஇஎஃப்ஐ. அநேகமாகப் பதில் இருக்காது. எல்லாப் பிழைகளுக்கும் தாய்ப்பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

பழைய பயோஸ் முறையில், ஃபேம்வெயார் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் வாசிக்கும். அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பிரிவு அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். 446 பைட்டுக்குள் ஒரு மெனுவை அடக்க முடியாது. அதனால் கிரப் தன் அடுத்த துண்டை முதல் பிரிவுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஒளித்து வைக்கும். யூஇஎஃப்ஐயில் இந்த ஒளிப்பு மறைப்பு இல்லை. ஃபேட்32 வடிவில் ஈஎஸ்பி என்ற சிறு பிரிவு இருக்கும், பூட் லோடர் அதில் ஒரு சாதாரணக் கோப்பாகக் கிடக்கும், அது எங்கே இருக்கிறது என்பதைத் தாய்ப்பலகை தன் நினைவில் வைத்திருக்கும்.

இரண்டு முறையையும் ஒன்றாகக் குழைப்பதுதான் தவறு. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும். லினக்ஸ் பென்னை லெகசி என்ற பழைய பயோஸ் முறையில் எழுப்பி நிறுவுவார்கள். இரண்டும் தனித்தனியாக நலமாகவே இருக்கும், ஆனால் ஒன்றின் மெனுவிலிருந்து மற்றதற்குப் போக முடியாது. தவிர்ப்பது மிக இலகு. பென்னிலிருந்து லினக்ஸ் எழுந்ததும், நிறுவத் தொடங்க முன், கோப்பு உலாவியில் சிஸ் என்ற அடைவைத் திறந்து, அதற்குள் ஃபேம்வெயார் என்ற அடைவைப் பாருங்கள். அங்கே ஈஎஃப்ஐ என்று ஓர் அடைவு இருந்தால் யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் லெகசி. விண்டோஸின் முறையோடு பொருந்தாவிட்டால், கணினியை நிறுத்தி, பூட் மெனுவில் அதே பென்னுக்கான மற்றத் தெரிவை எடுத்து மீண்டும் எழுப்பினால் போதும். 2012 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 8ஐயோ அதற்குப் பிந்தியதையோ கடையிலேயே போட்டு விற்ற மடிக்கணினி என்றால் அநேகமாக யூஇஎஃப்ஐதான்.

பயோஸ் மட்டும் உள்ள பழைய மெஷினில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிவு அட்டவணை முறையில் பிரித்தால், கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் ஒரு பயோஸ் பூட் பிரிவு ஒதுக்க வேண்டும். ஒதுக்காமல் விட்டால் நிறுவல் கடைசிக் கட்டத்தில் வந்து முறியும்.

அழகைப் பார்த்துத் தெரிவு செய்வது

பயோஸ் மெஷின் என்றால் ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும். சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட் என்ற பூட் லோடர்கள் யூஇஎஃப்ஐயில் மட்டும்தான் ஓடும். பழைய பூட் லோடரான லிலோவின் மேம்பாடு 2015 டிசம்பரோடு நின்றுவிட்டது. லிலோவுக்குக் கோப்புமுறை தெரியாது. கேர்னல் டிஸ்க்கின் எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்று இலக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கேர்னல் மாற்றத்துக்குப் பிறகும் லிலோ கட்டளையை ஓட்ட மறந்தால், அடுத்த முறை கணினி எழும்பாமல் போகக்கூடும். பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து இன்றைக்கும் அதைப் போட முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கிரப் போடுங்கள்.

யூஇஎஃப்ஐ மெஷினில்தான் தெரிவு உண்டு. ரீஃபைண்ட் டிஸ்க்குகளைத் தானே தேடிப் படங்களோடு மெனு காட்டும். பல இயங்குதளங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அது வசதி. சிஸ்டம்டி-பூட், முன்பு கம்மிபூட் என்ற பெயரில் இருந்து 2015இல் சிஸ்டம்டி என்ற லினக்ஸ் மென்பொருள் தொகுப்போடு சேர்ந்தது. சிறியது, எளிமையானது, அமைப்புக் கோப்பை ஒரு மாணவரும் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். பொப் ஓஎஸ் என்ற லினக்ஸ் பதிப்பு யூஇஎஃப்ஐ கணினிகளில் அதைத்தான் பாவிக்கிறது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனாலும் எங்கள் பக்கத்தில், யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. லினக்ஸ் பொதுவாகப் பாவிக்கும் எக்ஸ்ட்4 கோப்புமுறையைச் சிஸ்டம்டி-பூட் தானாக வாசிக்காது. அதனால் கேர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் பொதுவாக அந்த ஃபேட்32 ஈஎஸ்பிக்குள்ளேயே கிடக்க வேண்டும். விண்டோஸ் தானாக உருவாக்கும் ஈஎஸ்பி பெரும்பாலும் 100 எம்பிதான், இரண்டு கேர்னல் வைக்க இடம் காணாது. இடம் தாராளமாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபேட்டுக்கு ஜேர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் பதிவேடு, இல்லை. ஐப்பசி இடியில் கரண்ட் போகும் நேரம் கேர்னல் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருந்தால், பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும், அடைவும் குழம்பலாம். கிரப் எக்ஸ்ட்4ஐ நேரே வாசிக்கக்கூடியது. கேர்னல்கள் ஜேர்னல் உள்ள லினக்ஸ் பிரிவிலேயே இருக்கும், ஈஎஸ்பியில் எழுத்து வேலை எப்போதாவதுதான் நடக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கண்ட பிறகு, எந்த பூட் லோடர் அரை விநாடி முந்துகிறது என்ற கணக்கை நான் பார்ப்பதில்லை. கரண்ட் போனாலும் எது தப்பிப் பிழைக்கும் என்பதுதான் என் கணக்கு.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, இடத்தை மிச்சம் பிடிக்கப் பழைய கேர்னல்களை எல்லாம் அழித்து ஒன்றை மட்டும் வைப்பது. குறைந்தது இரண்டு வைத்திருங்கள். புதியது பாதியில் கெட்டால், கிரப் மெனுவின் கூடுதல் தெரிவுகளில் பழையதைத் தொட்டு உள்ளே போய் மேம்படுத்தலை முடிக்கலாம். மெனு ஒளிந்திருந்தால் பயோஸ் மெஷினில் ஷிஃப்ட், யூஇஎஃப்ஐயில் எஸ்கேப்.

கிரப்பைத் தொடும்போது

கிரப்பின் மெனு இருக்கும் கிரப் டொட் சிஎஃப்ஜி கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். அது உருவாக்கப்படும் கோப்பு. அடுத்த கேர்னல் வந்ததும் மேலெழுதப்பட்டு உங்கள் திருத்தம் போய்விடும். ஈடிசி அடைவுக்குள் டிஃபோல்ட் என்ற அடைவில் கிரப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திருத்தி அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும்.

"விண்டோஸ் மெனுவில வருதில்லை, அழிஞ்சுபோச்சு" என்று பதறி வருகிறவர்களுக்கும் அதே கோப்புத்தான் மருந்து. 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பில் கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர் என்ற வரியை ஃபோல்ஸ் என்று மாற்றி அப்டேட்-கிரப் கொடுத்தால் விண்டோஸ் வந்து நிற்கும். இதை அறியாமல் விண்டோஸை மீண்டும் நிறுவி, இருந்த கோப்புகளையும் இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மனம் வலிக்கும்.

அந்த 446 என்ற இலக்கத்தை நான் மறக்காததற்குக் காரணம் உண்டு. தொழில் பழகிய காலத்தில், பூட் நிரலைக் காப்பாக எடுத்து வைத்து, பிரிவுகளை மாற்றிய பிறகு டிடி கட்டளையால் 512 பைட்டையும் திருப்பி எழுதினேன். பூட் நிரலோடு பழைய பிரிவு அட்டவணையும் திரும்பி வந்தது. புதிதாக உருவாக்கிய பிரிவும் அதில் இருந்த ஒரு குடும்பத்தின் படங்களும் கண்ணுக்கு முன்னால் காணாமல் போயின. டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியால் ஒரு முழு இரவு இருந்து மீட்டேன். பூட் நிரலை மட்டும் மீட்க வேண்டுமென்றால் 446 பைட். அதற்கு மேல் ஒரு பைட்டும் வேண்டாம்.

விண்டோஸோடு குடியிருப்பவர்களுக்கு

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால், கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் பிரிவில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் கெடலாம். முதலில் அதை அணையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால், நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் எழும்ப விடும் செக்யூர் பூட்டையோ பூட் அமைப்பையோ மாற்ற முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எடுத்து வையுங்கள். சாவி இல்லாமல் மாற்றிவிட்டு வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செக்யூர் பூட்டைக் கண்டதும் அணைப்பது எப்போதும் தேவையில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றும் மைக்ரோசொஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலோடு வருகின்றன, அணைக்காமலே எழும்பும். சில சமயம் மட்டும் முட்டுப்படும். 2024 ஓகஸ்ட்டில் வந்த விண்டோஸ் மேம்படுத்தல் ஒன்றுக்குப் பிறகு, பழைய ஷிம் இருந்த இரட்டை பூட் கணினிகள் பல லினக்ஸுக்குள் போக மறுத்தன. அவற்றில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை மேம்படுத்தி, மீண்டும் போட வேண்டியிருந்தது. நான்கைந்து வருடத்துக்கு முன் இறக்கிய ஐஎஸ்ஓ என்ற லினக்ஸ் நிறுவல் கோப்பையே இன்றைக்கும் எல்லோருக்கும் கொப்பி பண்ணிக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

ஒரு கறுப்புத் திரை

ஒரு நாள் இரவு முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார். விடிந்தால் தவணைப் பரீட்சை வினாத்தாள் கொடுக்க வேண்டும், கணினியில் கறுப்புத் திரை. வாசிக்கச் சொன்னேன். "எரர், நோ சச் பார்ட்டிஷன் எண்டு கிடக்கு தம்பி. கீழ கிரப் ரெஸ்கியூ." பகலில் வெறுமையாகக் கிடந்த ஒரு பிரிவை அழித்தாராம். எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணை உள்ள டிஸ்க்கில் நீட்டிப்புப் பிரிவுக்குள் உள்ள பிரிவு ஒன்றை அழித்தால், அதற்குப் பின்னால் உள்ளவற்றின் இலக்கம் ஒவ்வொன்றாகக் குறையும். ஆறாம் இலக்கத்தில் இருந்த லினக்ஸ் ஐந்தாக மாறிவிட்டது. கிரப் இன்னமும் ஆறைத் தேடிக்கொண்டிருக்கிறது.

"ரீச்சர், எல்எஸ் எண்டு அடிச்சு என்ட்டர் தட்டுங்கோ."

அடைப்புக்குறிக்குள் வந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பிரிவிலும் பூட் அடைவுக்குள் கிரப் அடைவு இருக்கிறதா என்று எல்எஸ் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். எம்எஸ்டொஸ் 5 என்று காட்டிய ஐந்தாம் பிரிவில் அகப்பட்டது. பிறகு நான்கே வரிகள். செட் ரூட் கட்டளையில் அந்தப் பிரிவு, செட் பிரிஃபிக்ஸ் கட்டளையில் அந்தப் பிரிவோடு கிரப் அடைவின் பாதை, இன்ஸ்மொட் நோர்மல், கடைசியில் வெறும் நோர்மல். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லித் தட்டினார். ஓரிடத்தில் சமக்குறிக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டுவிட்டார், எடுக்கச் சொன்னேன்.

மெனு வந்தது. உள்ளே போனதும் உடனே கிரப்-இன்ஸ்டால் ஓட்டச் சொன்னேன். ரெஸ்கியூவில் அடித்த வரிகள் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், நிறுத்திப் போட்டால் மீண்டும் அதே கறுப்புத் திரைதான் வரும். ஓட்டி முடித்து, கணினியை முழுதாக நிறுத்தி, மறுபடி போட்டார். இரண்டாவது தடவையும் எழும்பிய பிறகுதான் தொலைபேசியை வைத்தார். வைக்க முன், அந்த நான்கு வரிகளையும் மெதுவாக மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லி, பாடக்குறிப்புக் கொப்பியின் பின்மட்டையில் எழுதிக்கொண்டார்.