பழைய மதர்போர்டில் புதிய பிராசசர்: வாங்கும் முன் சரிபார்ப்பது எப்படி?

"சாக்கெட் ஒன்றுதான், தாராளமாக ஓடும்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம், பொருந்த வேண்டும் என்பது உண்மை. அது மட்டும் போதும் என்பது பொய். இன்டெலின் 1151 சாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் வந்த 6ஆம் தலைமுறையும் அடுத்து வந்த 7ஆம் தலைமுறையும் அந்தச் சாக்கெட்டுக்கு உரியவை. 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோதும் சாக்கெட்டின் பெயர் 1151தான். ஆனால் அதற்கு 300 வரிசை சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும், போர்டிலேயே இருக்கும் சிப்) வேண்டும். பழைய 100, 200 வரிசை போர்டுகளில் அந்தப் பிராசசர் கச்சிதமாக உட்காரும். திரையில்தான் ஒன்றும் வராது.

இன்னும் ஏராளமான வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை வைத்துப் பார்ப்போம்: எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 1155 சாக்கெட், அதில் 2ஆம் தலைமுறை ஐ3-2100. இரண்டு கோர்கள் கொண்ட இதைக் கழற்றிவிட்டு, நான்கு கோர்கள் கொண்ட 3ஆம் தலைமுறை ஐ5-3470 போட வேண்டும். முடியுமா?

படி 1: போர்டின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

"எச்61 போர்டு" என்பது பெயர் அல்ல; அது சிப்செட்டின் பெயர். அதே சிப்செட்டில் ஒரே நிறுவனம் பல மாடல்களை வெளியிட்டிருக்கும். விண்டோஸின் ஸ்டார்ட் பட்டியலில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்தால், பேஸ்போர்டு என்று தொடங்கும் வரிகளில் நிறுவனமும் மாடலும் இருக்கும். கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸின் பதிப்பும் தேதியும் அங்கேயே கிடைக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெயின்போர்டு பக்கம் இன்னும் தெளிவாகக் காட்டும்.

மலிவான போர்டுகளில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் நிற்பதுண்டு. அப்படியானால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். ரேம் அருகிலோ விரிவாக்க ஸ்லாட்டுகளுக்கு நடுவிலோ மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். போர்டின் ஓரத்தில் ரிவிஷன் 1.0, 2.0 என்பது போல ஒரு குட்டி எழுத்தும் இருக்கலாம். அதையும் சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலின் இரண்டு ரிவிஷன்களுக்கு வெவ்வேறு பிராசசர் பட்டியல் இருக்க வாய்ப்பு உண்டு.

படி 2: தயாரிப்பாளரின் பட்டியலைப் படியுங்கள்

போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடி, சப்போர்ட் பகுதிக்குள் சிபியு (பிராசசர்) சப்போர்ட் பட்டியலைத் திறங்கள். பிராசசரின் பெயர், வேகம், வாட் அளவு என்று வரிசையாகப் போகும். கடைசியில், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது இயங்கும் என்று ஒரு கட்டம் இருக்கும். பட்டியலில் பெயரைப் பார்த்ததுமே மகிழ்ந்துபோய்ப் பக்கத்தை மூடிவிடுபவர்கள் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். ஐ5-3470 வரியில் இருக்கும் பதிப்பு உங்கள் கணினியில் இருப்பதைவிடப் புதியது என்றால், படி 3 உங்களுக்குக் கட்டாயம்.

3ஆம் தலைமுறை வந்தது 2012இல். எச்61 அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அதனால் தொடக்க காலப் பயாஸுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. எச்61க்குப் புதிய பயாஸ் வழி கொடுத்தது. அதே காலத்து பி65, கியூ65, கியூ67 சிப்செட்டுகளுக்கு அந்த அதிகாரப்பூர்வ வழியும் இல்லை.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்படும் பிராண்டட் கணினிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவற்றின் பயாஸ் அந்த நிறுவனம் தனக்கென எழுதியது. சிப்செட் அனுமதித்தாலும், அந்த மாடலோடு விற்காத பிராசசரைப் பயாஸ் ஏற்காமல் போகலாம். அங்கே பட்டியலில் இல்லை என்றால் இல்லை என்றே கொள்ளுங்கள்.

படி 3: பயாஸை முதலில், பிராசசரைப் பிறகு

பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், கணினியே உயிர் பெறாது. எதை வைத்துப் புதுப்பிப்பீர்கள்?

உங்கள் மாடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய கோப்பை மட்டும் பதிவிறக்குங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் அதைப் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் புதுப்பிப்புக் கருவியின் வழியாக ஏற்றுங்கள். சில 1155 போர்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற ஃபர்ம்வேரையும் 8ஆம் பதிப்புக்கு உயர்த்தச் சொல்வார்கள். பதிவிறக்கப் பக்கத்தில் இருக்கும் குறிப்பை வரி விடாமல் படியுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடக்கூடும். ஆகவே யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மழைக்காலச் சாயங்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 16 எம்பி பயாஸ் சிப் கொண்ட பழைய போர்டுகளில், புதிய ரைசன் பிராசசர்களுக்கு இடம் தருவதற்காகச் சில பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கிவிட்ட பதிப்புகள் உண்டு. ஏற்றுவதற்கு முன், இப்போது உள்ளே இருப்பது அந்தப் பதிப்பிலும் இயங்குமா என்று பாருங்கள்.

படி 4: வாட், கிராபிக்ஸ், கூலர்

ஐ3-2100 எடுப்பது 65 வாட், ஐ5-3470க்கு 77. பெரிய தாவல் இல்லை. ஐ7-2600 என்றால் 95 வாட், ஐ3 உடன் வந்த மெல்லிய கூலர் அதற்குப் போதாது.

கிராபிக்ஸ்தான் பலரை ஏமாற்றும். எண்ணுக்குப் பின்னால் பி என்ற எழுத்தோடு வரும் ஐ5-3350பி போன்றவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. பிற்காலத் தலைமுறைகளில் எஃப் என்ற எழுத்துக்கும் அதே பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் மானிட்டர் இருட்டாகவே இருக்கும். கே என்ற எழுத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண், ஏனென்றால் எச்61 ஓவர்கிளாக்கிங் (பிராசசரின் வேகத்தைக் கூட்டி ஓட்டுவது) செய்யும் சிப்செட் அல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகு, செலவு தகுமா என்றும் கேளுங்கள். இன்டெலில் விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தையவற்றையும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுபவர்களுக்கு இது பொருட்டல்ல. கணினியில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் சுற்றுகிறது என்றால், என் ஓட்டு முதலில் எஸ்எஸ்டிக்கு.

படி 5: வாங்குவதும் மாட்டுவதும்

இந்தத் தலைமுறைகளைப் பெரும்பாலும் கைமாறிய சரக்காகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பிராசசரின் உலோக மூடியில் பொறித்திருப்பதை நீங்களே படியுங்கள். ஐ5-3470 என்றால் மாடல் எண்ணோடு எஸ்ஆர்0டி8 (SR0T8) என்ற குறியீடும் இருக்கும். எழுத்து தேய்ந்ததை வாங்க வேண்டாம்.

1155 சாக்கெட்டில் ஊசிகள் இருப்பது போர்டில். விரலோ துணியோ படக்கூடாது. ஒன்று வளைந்தாலும் தலைவலி. பிராசசரின் ஓரத்தில் இருக்கும் இரண்டு வெட்டுகளைச் சாக்கெட்டின் மேடுகளோடு ஒத்துப் பார்த்து, அழுத்தாமல் மேலே வையுங்கள். நெம்புகோலை இறக்கும்போது சற்று விறைப்பாக இருப்பது இயல்பு. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்டில் பழையதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதியதை வைத்து, கூலரின் நான்கு கால்களும் பின்புறம் வரை இறங்கிவிட்டனவா என்று பாருங்கள். மின்விசிறி ஒயரையும் செருகிவிட்டு ஆன் செய்யுங்கள்.

முதல் முறை சில நொடிகள் தாமதமாகலாம். அதற்குப் பிறகும் திரை வரவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் நாணய வடிவில் இருக்கும் சீமாஸ் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டி, ஒரே ஒரு ரேமுடன் முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் பழைய ஐ3-ஐத் திரும்பப் போட்டு, பயாஸ் பதிப்பு உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று சிபியு-இசட்டில் பாருங்கள்.