காயாத வர்ணமும் என் கைவாகும்

பினாங்கில் படம் வரைகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. 2008-இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், பார்க்கும் தாளிலெல்லாம் கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகள்தாம். நானும் தீட்டினேன். விற்றன. ஆனால் தூரிகையை எடுத்தாலே கொட்டாவி வந்தது. ஒரு கட்டத்தில் கை ஓடவேயில்லை.

வெளிநாட்டு ஓவியர்களின் காணொளிகளைப் பார்த்து, நீர்வர்ணத்தை அடுக்கடுக்காகப் பூசும் முறையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் பூச்சு லேசில் காயாது. ஈரத்தின்மேல் அடுத்ததைப் பூசினால் வர்ணங்கள் கலங்கி அழுக்காகிவிடும். வானிலையோடு மல்லுக்கட்டுவதை விட்டேன். முதலில் கறுப்பு மைக்கோடு, அது உலர்ந்ததும் ஒரே ஒரு பூச்சு. மை மட்டும் நீரில் கரையாத வகையாக இருக்க வேண்டும்.

கோடு எனக்குப் புதிதல்ல. அப்பா கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துகள் தீட்டியவர். ‘ழ’வின் வாலை இழுக்கையில் அவர் மணிக்கட்டைச் சுழற்றுவதைப் பார்த்தே வளர்ந்தேன். அந்தச் சுழிப்பு இப்போது என் கோட்டில் தானாக வருகிறது.

வரையும் பொருளையும் மாற்றினேன். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் அக்காவின் விரல்கள், மசாலாக் கடை மூட்டைகளின் சுருட்டிவிட்ட வாய்கள், நுரை வழியும் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குவளை. சுற்றுலாப் பயணிகள் இவற்றை அதிகம் வாங்குவதில்லை. வாடகைக்காகக் கடைவீடுகளையும் அவ்வப்போது வரையத்தான் செய்கிறேன். அவையும் இப்போது மைக்கோட்டில்தான்.