போக்கிமோன் ஃபயர் ரெட்: முதல் போக்கிமோனைத் தெரிவுசெய்யும் முறை

பாடசாலை விடுமுறையில் கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்து ஃபயர் ரெட் விளையாடத் தொடங்கிய என் மருமகன், மூன்றாம் நாள் பின்னேரம் கருவியை என்னிடம் நீட்டி, "மாமா, இந்தக் கல்லுப் பாம்பு சாகுதே இல்லை" என்றான். போக்கிமோன் என்பவை பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கற்பனை உயிரினங்கள். திரையில் அவனுடைய சார்மாண்டர் என்னும் போக்கிமோன் நின்றது; எதிரே அந்தக் கல்லுப் பாம்பான ஒனிக்ஸ். 'எம்பர்' என்னும் நெருப்புத் தாக்குதலை அவன் அழுத்தியபோது ஒனிக்ஸின் உயிர்க்கோடு சிறிதளவே குறைந்தது. ஒனிக்ஸ் பதிலுக்குப் பாறைகளை எறிந்ததும் சார்மாண்டர் விழுந்துவிட்டது. வாலில் எரியும் சுடர் அழகாக இருந்தது என்பதற்காகவே அதை எடுத்ததாகச் சொன்னான். அவன்மீது பிழையில்லை. எதைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

1996 இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமோன் விளையாட்டுகளை, கேம் போய் அட்வான்ஸ் கருவிக்காக 2004 இல் புதுப்பித்து வெளியிட்டவையே ஃபயர் ரெட்டும் லீஃப் கிரீனும். கீழே உள்ளவை இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில், உங்களுக்கு முதல் போக்கிமோனைத் தரும் பேராசிரியர் ஓக்கின் ஆய்வுகூடத்தில் மேசைமேல் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு போக்கிமோன் உள்ள மூன்று பந்துகளில் எதையும் தொடுவதற்கு முன்னர் விளையாட்டைச் சேவ் செய்யுங்கள். எடுத்த பின்னர் மனம் மாறினால், மீண்டும் சேவ் செய்யாமல் கருவியை நிறுத்தி அதே இடத்திலிருந்து தொடங்கலாம். ஒரு பந்தின் முன் நின்று பொத்தானை அழுத்தினால் அந்தப் போக்கிமோனின் வகை சொல்லப்பட்டு, வேண்டுமா என்று கேட்கப்படும். புல்பசோர் புல் வகை, சார்மாண்டர் நெருப்பு வகை, ஸ்குவர்ட்டில் நீர் வகை. நெருப்பு புல்லை எரிக்கும், நீர் நெருப்பை அணைக்கும், புல் நீரை உறிஞ்சும். நீங்கள் எதை எடுத்தாலும் உங்கள் போட்டியாளன் அதை வெல்லக்கூடிய வகையையே எடுத்துக்கொள்வான். ஆகவே அவனை முந்துவதற்காக யோசித்து நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது முதல் மூன்று ஜிம்களை, அதாவது தலைவர் ஒருவரை வென்று கடக்க வேண்டிய சண்டைக்கூடங்களை. தொடக்கக்காரர் எல்லோரும் சார்மாண்டர் வளர்ந்து 36 ஆவது லெவலில் எடுக்கும் வடிவமான சரிசார்ட்டின் சிறகுகளைப் பற்றி நினைக்கிறார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னர் பியூட்டர் நகரில் முதல் ஜிம்மின் தலைவர் புரொக் நிற்கிறார். அவரிடம் 12 ஆவது லெவலில் ஜியோடூட்டும் 14 ஆவது லெவலில் ஒனிக்ஸும் உள்ளன. இரண்டுமே பாறையும் நிலமும் சேர்ந்த இரட்டை வகை. புல்லும் நீரும் அந்த இரு வகைகளையும் தனித்தனியே இரு மடங்கு தாக்குவதால், மொத்தத் தாக்கம் நான்கு மடங்காகிறது. நெருப்பின் தாக்கமோ பாறையின்மேல் பாதியாகக் குறைகிறது.

இதற்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்த விளையாட்டில் புல், நீர், நெருப்புத் தாக்குதல்கள் எதிரியின் சாதாரணப் பாதுகாப்பை அல்ல, சிறப்புப் பாதுகாப்பையே சந்திக்கின்றன. ஒனிக்ஸின் அடிப்படைப் பாதுகாப்பு 160 ஆக இருக்க, சிறப்புப் பாதுகாப்பு வெறும் 45 தான். அதனால் 10 ஆவது லெவலில் புல்பசோர் கற்கும் 'வைன் விப்' அதை எளிதில் வீழ்த்துகிறது. ஸ்குவர்ட்டில் 7 ஆவது லெவலில் கற்கும் 'பபிள்' மெல்லிய தாக்குதலாயினும் நன்றாகவே வேலை செய்கிறது. சார்மாண்டர் 13 ஆவது லெவலில் 'மெட்டல் க்ளோ' கற்கும், அது பாறைக்கு இரு மடங்கு என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் மெட்டல் க்ளோ போய் மோதுவது அந்த 160 உடன் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இரண்டாவது ஜிம்மில் மிஸ்டியின் ஸ்டார்மி 21 ஆவது லெவலில் நீர்த் தாக்குதலுடன் காத்திருக்கிறது. மூன்றாவதில் லெப்டினன்ட் சேர்ஜ் மின்சார வகைகளை வைத்திருக்கிறார். புல் வகை நீரை வெல்லும், மின்சாரத்தையும் பாதியாகத் தாங்கும். புதிதாகத் தொடங்குபவர் புல்பசோரை எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்த மூன்று ஜிம்களே காரணம். ஸ்குவர்ட்டில் சேர்ஜிடம் மட்டும் சிரமப்படும். அப்போது டிக்லெட் குகையில் ஒரு டிக்லெட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், நில வகையை மின்சாரம் தொடவே முடியாது.

உங்கள் பிள்ளைக்குச் சார்மாண்டர்தான் வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். விரும்பி வளர்க்கும் போக்கிமோனோடுதான் பிள்ளைகள் விளையாட்டை முடிப்பார்கள். ஆனால் விரிடியன் நகரின் மேற்கே உள்ள 22 ஆம் பாதையில் ஒரு மாங்கியைப் பிடித்து வளர்க்கச் சொல்லுங்கள். அது இளம் லெவலிலேயே கற்கும் 'லோ கிக்' எதிரியின் எடைக்கு ஏற்பப் பலம் கூடும் தாக்குதல். 210 கிலோ எடையுள்ள ஒனிக்ஸின்மேல் அது உச்சப் பலத்தில் விழும். மிஸ்டியைச் சந்திக்க முன்னர், அவரது நகருக்கு வடக்கே ஃபயர் ரெட்டில் ஒடிஷும் லீஃப் கிரீனில் பெல்ஸ்ப்ரவுட்டும் கிடைக்கும். அவற்றில் ஒன்று உங்களுக்கு வேண்டிய புல் வகையாக அமையும்.

போக்கிமோனை எடுத்ததும் அதன் விவரப் பக்கத்தில் இயல்பு என்னும் வரியைப் பாருங்கள். மொத்தம் 25 இயல்புகளில் 20 இயல்புகள் ஒரு திறனைப் பத்து வீதம் கூட்டி, இன்னொன்றைப் பத்து வீதம் குறைக்கும். புல்பசோருக்குச் சிறப்புத் தாக்குதலைக் கூட்டும் 'மொடஸ்ட்' மிக நல்லது. 'அடமண்ட்' அதன் சிறப்புத் தாக்குதலைக் குறைப்பதால் பொருந்தாது. முதல் முறை விளையாடுபவர் இதற்காக மீண்டும் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

எடுத்தவுடன் பெயர் சூட்டுமாறு கேட்கப்படும். மருமகன் இரண்டாம் முறை முதலிலிருந்து தொடங்கியபோது புல்பசோரை எடுத்து, அதன் முதுகிலுள்ள குமிழைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆங்கில எழுத்துக்களில் 'வெங்காயம்' என்று ஒவ்வொன்றாகத் தட்டினான். பத்து எழுத்துக்குள் அது அடங்கியது. மறுநாள் இரவு வெங்காயம் 13 ஆவது லெவலில் புரொக்கின் முன் போய் நின்றது. ஒனிக்ஸ் ஒரே அடியில் விழுந்தது.