காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்: திருவானைக்காவல் முதல் கும்பகோணம் வரை சைக்கிளில்

காவிரிக் கரையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடு உண்டா?" என்றுதான். மேடு கிடையாது. ஆற்றுப்பாலம் ஏறி இறங்குவதுதான் ஏற்றம். ஆனால் காற்று உண்டு, டெல்டாவில் நம் காலைப் பிடித்து இழுப்பது அதுதான். எந்த மாதம் எந்தத் திசையில் போவது என்று முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். அம்மியும் பறக்கும் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். அப்போது திருச்சிப் பக்கமிருந்து கிழக்கே போனால் காற்று முதுகைத் தள்ளும். அதே நாளில் கும்பகோணத்திலிருந்து மேற்கே வந்து பாருங்கள், பத்து மணிக்கு மேல் தலை குனிந்து மிதித்தாலும் வண்டி நகராது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று, கூடவே மழை. அப்போது நான் இந்தப் பக்கம் நீண்ட தூரம் போவதில்லை. தை, மாசியில் காற்று அவ்வளவாகத் தொல்லை தராது, வெயிலும் தாங்கும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதரைக்குள் முடிக்க முடிகிற தூரம் மட்டும் போங்கள்.

என் ஓட்டு ஆடி மாதத்துக்குத்தான். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து தேதி முன்னே பின்னே போகும். தண்ணீர் கல்லணை வந்து சேர்ந்த பிறகு ஒரு வாரம் விட்டுக் கிளம்பினால் ஆறும் நிறைந்திருக்கும், வாய்க்காலும் ஓடும், குறுவை நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டாம். படித்துறைகளிலும் கல்லணையிலும் கால் வைக்க இடமிருக்காது.

சரி, வழி. திருவானைக்காவலில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போங்கள். பதினைந்து கிலோமீட்டர் போல வரும். வழியெல்லாம் வாழைத் தோட்டம். இந்த வழியின் அழகே, வலது கைப் பக்கம் காவிரி, இடது கைப் பக்கம் கொள்ளிடம், நடுவில் நாம் என்பதுதான். இந்த அமைப்பு கல்லணைக்கு அப்புறமும் திருவையாறு தாண்டிக் கபிஸ்தலம் வரை தொடரும். இரண்டு ஆறும் எப்போதும் கண்ணில் படாது. ஆனால் ஏதாவது ஒரு சந்தில் திரும்பினால் ஒரு கரை கிடைக்கும். காவிரி நிறைந்து ஓடும் நாளில்கூடக் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடக்கலாம். அது வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு.

கல்லணையில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். பாலம் குறுகல், வண்டிகள் ஒதுங்க இடமில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போவதையும், மிஞ்சினால் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடும் மதகுகளையும் நின்று பார்க்காமல் போகாதீர்கள். மணல்மேல் கல்லைப் போட்டு நிறுத்திய கரிகாலன் காலத்து வேலை. பிற்காலத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதைப் பார்த்துத்தான் ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் முறையைக் கற்றதாக எழுதினார். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். மதகுக்குக் கீழே சுழல் இருக்கும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

கல்லணையிலிருந்து கோவிலடி, பூண்டி என்று கேட்டுப் போங்கள். தஞ்சாவூர் போர்டைப் பார்த்து வெண்ணாற்றுப் பக்கம் இறங்கிவிட்டால் வழி மாறிவிடும். கோவிலடியில் அப்பக்குடத்தான் பெருமாள் கோயில். இங்கே பெருமாளுக்கு நைவேத்தியமே அப்பம்தான். வாழை இலைத் துண்டில் வைத்த இட்லியோ பொங்கலோ வழியில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஏழு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டால் திருவையாறு வரை கவலையில்லை. தில்லைஸ்தானம் வந்துவிட்டால் திருவையாறு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான்.

திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் காலை நனைத்துவிட்டு, பாசிப்பருப்பில் செய்த அசோகா ஒரு கரண்டி சாப்பிடுங்கள். நெய்யும் சர்க்கரையும் கலந்தது, மீதி வழிக்கு அது போதும். இளைப்பு அதிகமாக இருந்தால் இங்கிருந்தே தஞ்சாவூருக்குத் திரும்பிவிடலாம், சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தச் சின்ன தூரத்தில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்வது அந்தத் துண்டு மட்டும்தான். ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி ஆற்றின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கும்பகோணம் போகிறவர்கள் கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், உமையாள்புரம், சுவாமிமலை என்று நேரே கிழக்கே போகலாம். முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவு. இந்தப் பகுதியில் மினி பஸ்ஸும் டிராக்டரும் கூடும். வேகத்தடைகள் பலவற்றில் வெள்ளைக் கோடு அழிந்திருக்கும். புளியமர நிழலில் அது தெரியாது, நிழலுக்குள் நுழையும்போதே வேகத்தைக் குறையுங்கள்.

அறுவடைக் காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சாலையில் நெல் காயும். பாதிச் சாலைக்குக் கல் வைத்து மறித்து நெல்லைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். வழுக்கும் என்பது ஒரு பக்கம், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. எதிரே வண்டி வந்தால் இறங்கி நில்லுங்கள்.

பங்குனியில் இன்னொன்று, உளுந்துச் செடி. வண்டிச் சக்கரம் ஏறிக் காய் உடையட்டும் என்று சாலையின் குறுக்கே கனமாகப் பரப்பிவிடுவார்கள். ஒரு வருஷம் கபிஸ்தலத்துக்குக் கிழக்கே நான் வேகத்தோடு அதன்மேல் போய்விட்டேன். காய்ந்த கொடி பல்சக்கரத்தில் சுற்றி, கியர் மாற்றும் டெரெய்லர் வளைந்து, வண்டி அப்படியே நின்றது. இழுக்க இழுக்க இறுகியது. செடி புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் வந்து உட்கார்ந்தார். "இழுக்காதீங்க தம்பி. பின்னாடி சுத்துங்க, கொடி தானா வரும்" என்றார். நான் பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற, அவர் கருக்கரிவாள் நுனியால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தார். கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து சாலையில் செடி கிடந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் தாண்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய டூத்பிரஷ் ஒன்றும் சின்னக் கத்தி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக் கருவேல முள். கரையோரம் வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து சாலைக்கு வந்துவிடும். டியூப் மாற்றும்போது அவசரப்பட்டால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி காற்று போகும், ஏனென்றால் முள்ளின் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டயரின் உட்புறத்தை விரலால் தடவாதீர்கள், குத்தும். ஒரு துணியை உள்ளே வைத்து மெதுவாகச் சுற்றி இழுங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். வெளிப்பக்கம் அழுத்தி, உள்பக்கம் தெரியும் முனையை நகவெட்டியால் பிடுங்குங்கள். இரண்டு டியூப், பேட்ச், கைப்பம்ப் அவசியம். டயரின் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நான் 32 போட்டு 60 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று வைக்கிறேன். கரைச் சாலையின் சல்லியில் அதுதான் கை வலிக்காமல் போகிறது.

பூம்புகார் வரை போக ஆசைப்பட்டால் கும்பகோணத்தில் இரவு தங்குங்கள். மயிலாடுதுறை வழியாக இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எதிரே வரும், அதனால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். பேருந்துகள் அதிகம், எனக்கு அந்தத் துண்டு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கும்பகோணத்திலிருந்து திரும்ப ரயில்தான் நல்லது. ஊருக்குள் வந்ததும் டிகிரி காபிக் கடைக்குப் போகாமல் முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்சல் அலுவலகத்தில் எந்த ரயிலில் சைக்கிள் ஏற்றலாம் என்று கேளுங்கள். ஒரு மணி நேரமாவது முன்னால் போக வேண்டும். விளக்கு, பாட்டில், பம்ப் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் பெயரும் இறங்கும் ஊரும் எழுதி ஹேண்டில்பாரில் கட்டி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்த பிறகு காபிக்குப் போகலாம்.