அமெரிக்காவில் ப்ரீ-மெட் படிக்கக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நேராக எம்.பி.பி.எஸ். சேரும் முறையைப் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு, அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு முன்பே நான்காண்டுப் பட்டப்படிப்பு இருப்பது மலைப்பாகத்தான் இருக்கும். ப்ரீ-மெட் என்பது பெரும்பாலான இடங்களில் தனிப் பட்டம் அன்று. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் முதலியவற்றை ஆய்வக வகுப்புகளோடு முடித்து, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வுக்குத் தயாராகும் பாதையே அது. வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொண்டவரும் இவற்றை முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆகவே கல்லூரியின் புகழைவிட, நம் பிள்ளை எங்கே நல்ல மதிப்பெண்ணோடும் குறைந்த கடனோடும் படித்து முடிப்பார் என்பதே முக்கியம்.

"எங்கள் மாணவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினர் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள்" என்று ஒரு கல்லூரி சொன்னால், அந்தக் கணக்கில் யாரெல்லாம் அடங்குவர் என்று அவசியம் கேளுங்கள். நாடு முழுவதும் விண்ணப்பிப்போரில் இடம் பெறுவோர் பாதிக்கும் குறைவே. சில கல்லூரிகளில் ஆலோசனைக் குழு மாணவருக்காக ஒரு பொதுப் பரிந்துரைக் கடிதம் எழுதும். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அக்கடிதத்தை மறுத்துவிட்டால், அவர்களில் பலர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள், விழுக்காடும் தானாக உயர்ந்துவிடும். முதலாண்டில் ப்ரீ-மெட் என்று தொடங்கியவர் எத்தனை பேர், இறுதியில் விண்ணப்பித்தவர் எத்தனை பேர், கடிதம் மறுக்கப்படுவதுண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் தராத கல்லூரியை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

மதிப்பெண்ணை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் இடம் பெற்றவர்களின் ஜி.பி.ஏ. எனப்படும் பட்டப்படிப்பு மதிப்பெண் சராசரி நான்குக்கு ஏறத்தாழ 3.8, எம்கேட் சராசரி 528க்கு 511, 512 அளவில் இருக்கிறது. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்பத்தில் அறிவியல் பாடங்களின் சராசரி தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண் மறைவதில்லை. முதல் பருவத்து வேதியியலில் தடுமாறும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரும் சுமை என்பதால், தனிப்பயிற்சி மையம் இருக்கிறதா, பேராசிரியரை எளிதில் அணுக முடியுமா, அறிமுக வகுப்புகளில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பவற்றை நேரில் சென்று அங்கு படிப்பவர்களிடமே விசாரியுங்கள். அருகில் மருத்துவமனை இருந்தால் தன்னார்வப் பணிக்கும் மருத்துவரைப் பின்தொடர்ந்து கவனிப்பதற்கும் வசதி.

பணத்தைப் பொறுத்தவரை, சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தை எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். 2026 ஜூலை முதல், புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்குக் கூட்டரசு தரும் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. இளங்கலையிலேயே பெருங்கடன் சேர்ந்தால் பிறகு தாங்காது. அரசு மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. டெக்சாஸில் 90 விழுக்காட்டு இடங்கள் அம்மாநிலத்தவருக்கே உரியவை.

இளங்கலையையும் மருத்துவப் படிப்பையும் சேர்த்து, பள்ளியிலிருந்தே மருத்துவ இடத்தை உறுதிசெய்யும் இணைப்புப் படிப்புகளும் உள்ளன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டம் அவற்றுள் ஒன்று. போட்டி மிகக் கடுமை.

மாணவர் விசாவில் செல்லவிருப்பவர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை ஏற்பதே இல்லை. எவை ஏற்கின்றன என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் சேர்க்கை விவரத் தொகுப்பில் பார்த்த பிறகே இளங்கலைக்குக் கட்டணம் செலுத்துங்கள்.