மழைத்தோட்டம் போடுகிறீர்களா? முதலில் மேஸ்திரிக்கு விடைகொடுங்கள்

போன வாரம் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி, தான் போட்ட முதல் மழைத்தோட்டத்தைக் காட்டக் கூப்பிட்டிருந்தார். மழைத்தோட்டம் என்றால் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட பள்ளம். வெட்டிவேர், கல்வாழை எல்லாம் நேர்த்தியாக நட்டிருந்தார். பக்கத்திலேயே பெயிண்டர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குள்தான் போனது. எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இதில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். சருகை அள்ளு, குப்பையை எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கட்டட வேலை முடியும் முன்பே தண்ணீரை விடுவது

ஓர் அடுக்குமாடியில் மொட்டைமாடித் தண்ணீருக்காக மூன்றடிப் பள்ளம் எடுத்து ஜல்லியும் மணலும் நிரப்பியிருந்தேன். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர். அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும் என்று பெருமையடித்தும் வைத்தேன்.

மாடியில் டைல்ஸ் வேலை பாக்கி. கலவைச் சட்டி கழுவிய தண்ணீர், டைல்ஸ் வெட்டிய தூள், எம்-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) பொடி எல்லாம் குழாய் வழியாக நேரே பள்ளத்துக்கு வந்திருக்கிறது. நான் குனிந்துகூடப் பார்க்காமல் மேல்மண் போட்டுச் செடி நட்டுவிட்டேன்.

ஐப்பசியில் முதல் கனமழை. நாலாம் நாளும் தண்ணீர் அப்படியே நின்றது. "கொசு வளர்க்கவா சார் காசு கொடுத்தோம்?" என்றார் தரைத்தளத்து அம்மா. தோண்டினால், மேல்மண்ணுக்கு அடியில் தோசைக்கல் மாதிரி சாம்பல் நிறப் பொருக்கு. கடப்பாரை பட்டதும் 'டங்' என்றது.

மேலே படிந்த வண்டலைச் சுரண்டிவிடலாம். ஜல்லி இடுக்கில் இறங்கிவிட்டால் மொத்தத்தையும் அள்ள வேண்டியதுதான். அள்ளினேன், என் செலவில். இப்போதெல்லாம் கடைசி ஆள் சாமானைக் கட்டிக்கொண்டு போகும்வரை குழாயை வேறு பக்கம் திருப்பி வைக்கிறேன். அப்புறம் மாடியைக் கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரையும் வெளியே விட்டுத்தான் இணைப்பு. வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு அவசரப்படுத்தினாலும் சரி.

மண்ணைப் பார்க்காமல் அளவு போடுவது

திருவான்மியூர் மணலில் பலித்த கணக்கு அண்ணா நகர் களிமண்ணில் பலிக்காது. ஒன்றரை அடிக் குழியெடுத்து ஒருமுறை நிரப்பி ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். விடிய விடிய அப்படியே நின்றால் அந்த இடம் ஆகாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்துக்கு வெட்டிய குழிகளில், இந்தச் சோதனை செய்யாததால் வீணானவற்றை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாத்தியை மேடாக்குவது

பூப்பாத்திதான் மேடு. இது பள்ளம்.

கலங்கல் விடாதது

கலங்கல், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வாய் இல்லாமல் யாரும் ஏரி வெட்டியதில்லை. 2015 டிசம்பர் மாதிரி மழையை எந்தத் தோட்டமும் தாங்காது. நிரம்பினால் வழிந்து வடிகாலுக்குப் போக, வாசற்படியைவிட ஒரு சாண் தாழ்வாக வாய் விடுங்கள்.

சமையலறைத் தண்ணீரையும் இதிலேயே விடுவது

கூடாது.